46 திரை வரைவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படிக்கிறார். ஐந்தாறு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் பழம் வெட்டியதும் கைப்பேசியில் தெரிவித்தால், பழம் வாங்கும் வியாபாரியான தவுக்கேயின் லோரி வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். எடையும் பணமும் அதிலேயே பதிவாக வேண்டும். இதுதான் அவர் செய்ய நினைக்கும் செயலி. மூன்று மாதம் உட்கார்ந்து செயலித் திரைகளை வரைய உதவும் ஃபிக்மா மென்பொருளில் 46 திரை வரைந்துவிட்டார். அப்பாவிடம் காட்டினால், “நல்லா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். “முன்மாதிரியை வேகமாகவும் உருப்படியாகவும் செய்வது எப்படி? எந்த மென்பொருள் நல்லது? எப்போது நிறுத்திவிட்டு நிரல் எழுத உட்காரலாம்?” என்று கேட்கிறார்.

தம்பி, நானும் அந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைதான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதே தென்னமரம் தோட்டம், அங்கேதான் 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார். நூறு வருடத்துக்கு மேலாக அந்த வட்டாரத்தில் பழம் வெட்டி ஏற்றி அனுப்புகிறார்கள். யார் யாருக்குச் சொல்வது, எங்கே அடுக்கி வைப்பது, எடையில் சந்தேகம் வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பதெல்லாம் ஆட்களின் பழக்கத்தில் ஊறிப் போயிருக்கிறது. உங்கள் செயலி அந்தப் பழக்கத்தோடுதான் மோதப் போகிறது. அதனால் மென்பொருள் பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்களுக்கே உறுதியாகத் தெரியாத விஷயங்களை எழுதுங்கள். பழம் வெட்டியதைச் செயலியில் சொல்ல யாராவது மெனக்கெடுவார்களா? இப்போது லோரிக்காரருக்கு ஒரு போன் அடித்தால் வேலை முடிந்துவிடுகிறதே. எத்தனை குலை என்று எண்ணிச் சொல்வார்களா, குத்துமதிப்பாகச் சொல்வார்களா? எடைச் சீட்டில் ஒரு கணக்கும் செயலியில் வேறு கணக்கும் இருந்தால் எதை நம்புவார்கள்? மெனு மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா? இப்படி ஒரு பத்துப் பதினைந்து வரும். இப்போது ஒவ்வொன்றையும் பார்த்து, “இது தப்பாகப் போனால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். மெனு தப்பானால் அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம். முதல் கேள்விக்கு “மாட்டார்கள்” என்று பதில் வந்தால் 46 திரையும் வீண். ஆனால் அந்த 46 திரையில் முதல் கேள்விக்குப் பதில் தேடித் தருகிற திரை ஒன்றுகூட இருக்காது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதைத் திரை வரைந்து கண்டுபிடிக்க முடியாது.

வேகம் இங்கேதான் இருக்கிறது. கை வேகமாக வரைவதால் வருவதைவிட, வரையத் தேவையில்லாததை வரையாமல் விடுவதால் மிச்சமாகிற நேரம்தான் அதிகம்.

சரி, அந்த முதல் சந்தேகத்தை எப்படிச் சோதிப்பது? ஒரு புதிய சிம் கார்டு வாங்குங்கள், அதில் வாட்ஸ்அப் போடுங்கள். உங்கள் அப்பா, அவருடைய கூட்டாளிகள் என்று ஏழெட்டுச் சிறுதோட்டக்காரர்களிடம் எண்ணைக் கொடுத்து, “பழம் வெட்டியதும் இதில் சொல்லுங்கள், லோரிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். லோரிக்காரரிடமும் பேசி வைத்துவிடுங்கள். செய்தி வந்ததும் நீங்களே கையால் லோரிக்காரருக்குத் தெரிவியுங்கள், எடைச் சீட்டு வந்ததும் படம் எடுத்துத் தோட்டக்காரருக்கு அனுப்புங்கள். நாளைக்குக் கணினி செய்யப் போகிற வேலையை இன்றைக்கு நீங்கள் செய்கிறீர்கள். ஒரு வரி நிரல்கூட வேண்டாம்.

இது நான் கண்டுபிடித்த குறுக்கு வழி இல்லை. பேசினால் தட்டச்சு செய்யும் இயந்திரம் ஒன்றைப் பற்றி 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினி அன்றைக்கு அந்த அளவுக்கு வளரவில்லை. ஜான் கூல்டும் அவருடைய குழுவினரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவரை ஒலிவாங்கி முன் உட்கார வைத்தார்கள். அடுத்த அறையில் ஒரு தட்டச்சாளரை உட்கார வைத்தார்கள். இவர் பேசப் பேச அவர் அடிக்க, எழுத்து இவருடைய திரையில் வந்தது. அப்படி ஒரு இயந்திரம் இருந்தால் மக்கள் எப்படிப் பேசிக் கடிதம் எழுதுவார்கள் என்பதை, அந்த இயந்திரம் பிறப்பதற்கு முன்னாலேயே கவனித்துவிட்டார்கள்.

எத்தனை நாள் நடத்துவது என்று கேட்பீர்கள். அதை மரமே சொல்லிவிடும். ஒரு முறை வெட்டிய இடத்தில் மறுபடி வெட்டப் பத்திலிருந்து பதினைந்து நாள் ஆகிறது. அதனால் மூன்று வாரம் நடத்தினால் ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒரு முறையாவது பழம் வெட்டியிருப்பார், சிலர் இரண்டு முறை வெட்டியிருப்பார்கள். மூன்று நாளில் முடித்துவிட்டு “யாருமே பயன்படுத்தவில்லை” என்று எழுதினால் அது தப்பான முடிவு. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால்தான் எண்ணெயில் அமிலம் ஏறாமல் தரம் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே செய்தி வந்த நேரத்தையும் லோரி வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் செயலிக்குத் தேவை இருக்கிறதா என்று அந்த இரண்டு எண்களும் காட்டிவிடும்.

அதைவிட முக்கியம், அவர்கள் என்ன வடிவத்தில் செய்தி அனுப்புகிறார்கள் என்பது. எழுத்தாகவா, குரலாகவா, அடுக்கி வைத்த குலைகளின் படமாகவா? “ரெண்டு மணிக்கு மேல வா, பாலத்துப் பக்கம் வராத, தண்ணி நிக்குது” என்று ஒருவர் குரல் பதிவு அனுப்பினால், உங்கள் படிவத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறதா? அவர்கள் தானாகச் சொல்வதுதான் முதல் திரையில் இருக்க வேண்டும். நீங்கள் கேட்க நினைத்து அவர்கள் ஒருபோதும் சொல்லாததை எடுத்துவிடலாம்.

இதையெல்லாம் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காகத் தோட்டத்தில் பேர் பதியும் செயலி ஒன்றை வடிவமைத்தேன். யார் வேலைக்கு வந்தார் என்று அன்றாடம் குறிக்கிற செக்ரோல் புத்தகத்துக்குப் பதிலாகக் கைப்பேசி. கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தோம். அழகாக இருந்தது. ஒரு தோட்டத்துக்கு எடுத்துப் போனோம். காலை ஐந்தரை மணி, வேலைக்குப் போகுமுன் ஆட்களின் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம், தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஒரு கையில் டார்ச் லைட், இன்னொரு கையில் குடை வைத்திருந்தார். எங்கள் செயலிக்கு இரண்டு கை வேண்டும். அது போகட்டும். நாங்கள் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தோம். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். முகமது என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக 11 வந்து நின்றன. மண்டோரோ ஆட்கள் நிற்கிற வரிசையில் பேர் கூப்பிடுகிறவர். யார் யாரோடு சேர்ந்து நிற்பார், யார் கடைசியில் ஓடி வருவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாலு பேரைத் தேடிப் பார்த்தார். அப்புறம் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். கோபமே இல்லை. அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாத உழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு விடியற்காலையில் வெறும் தாளோடு போய் அந்தக் களத்தில் நின்றிருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு, பயன்படுத்தப் போகிறவர் நிற்கும் இடத்தில் நானும் நிற்காமல் எந்த வேலையையும் ஆரம்பித்ததில்லை.

இடமும் கையும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னோர் உதாரணம் சொல்கிறேன். 1996-ல் வெளிவந்த பாம் பைலட் கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதைச் செய்வதற்கு முன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் மரத்துண்டை வெளியே எடுத்து அதில் எழுதுவதுபோலச் செய்து பார்ப்பார். பையில் அடங்குகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை கை அதைத் தேடிப் போகிறது, எந்த வேலைக்காகப் போகிறது என்பதெல்லாம் ஒரு மரக்கட்டையிலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் மரம் செதுக்க வேண்டாம். அப்பாவோடு தோட்டத்துக்குப் போய், பழம் அடுக்கி முடித்ததும் அவர் கை முதலில் எதைத் தேடுகிறது என்று பாருங்கள். கையுறையைக் கழற்றுகிறாரா? கைப்பேசி அவரிடம் இருக்கிறதா, மோட்டார் சைக்கிள் பெட்டியில் இருக்கிறதா? இருக்கிற இடத்தைப் பொறுத்து உங்கள் செயலியை அவர் திறக்கும் நேரமே மாறிவிடும்.

வாட்ஸ்அப் சோதனையில் தேறிவிட்டால் அப்புறம் திரைக்கு வாருங்கள். அதையும் முதலில் தாளில் செய்யுங்கள். ஏ4 தாளைக் கைப்பேசி அளவுக்கு வெட்டி, தடித்த மார்க்கர் பேனாவில் வரையுங்கள். மெல்லிய பேனா எடுத்தால் நிழல், வளைவு என்று மனம் போய்விடும். தடித்த பேனா அதற்கு இடம் கொடுக்காது. பொத்தான்கள் குறைந்தது 9 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலே ஏறக்குறைய அந்த அளவைத்தான் சொல்கிறது. பழம் ஏற்றிய கையின் பெருவிரலுக்கு நான் இன்னும் பெரிதாகவே வைப்பேன். நீங்கள்தான் கணினி. அவர் தாளில் விரல் வைத்தால், அதற்கு அடுத்த தாளை எடுத்து முன்னால் வைக்க வேண்டியது உங்கள் வேலை. அவர் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தைத் தொட்டால், அங்கேயே ஒரு புதுத் தாளில் நாலு கோடு போட்டுக் கொடுத்துவிடலாம். ஃபிக்மாவில் இந்தச் சௌகரியம் கிடையாது.

வரைவது கோணல்மாணலாக இருக்கலாம், ஆனால் எழுதுகிற சொற்களும் எண்களும் உண்மையாக இருக்க வேண்டும். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சாம்பல் நிறப் பெட்டியும் அர்த்தமில்லாத எழுத்தும் வடிவமைப்பாளர்களுக்குப் புரியும்; உங்கள் அப்பாவுக்கு அது வெறும் கட்டம். அவரிடம் இருக்கும் பழைய எடைச் சீட்டுகளில் ஒரு பத்தை வாங்குங்கள். 1000 கிலோ என்று அழகாக எழுதாமல், சீட்டில் உள்ளபடி 1,347 கிலோ, இவ்வளவு எடைக் கழிவு, இந்த விலை என்று எழுதுங்கள். அப்போதுதான் அவர், “கழிவு எதுக்குப் போட்டாங்கன்னு இதுல இல்லையே” என்று கேட்பார். பொய்யான எண்ணைப் பார்த்து யாரும் உண்மையான கேள்வி கேட்பதில்லை.

ஊர்ப் பெயர் பட்டியலும் அப்படித்தான். ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதானே சொல்கிறார்கள்? உங்கள் பட்டியலில் புதுப் பெயர் மட்டும் இருந்தால் பெரியவர் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, தன் ஊர் இதில் இல்லை என்று நினைத்துக்கொள்வார். பொத்தான்களில் “சமர்ப்பி” என்று எழுதாதீர்கள், “அனுப்பு” போதும். மலாய் வேண்டுமா தமிழ் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஒரே திரையை இரண்டு மொழியிலும் எழுதிப் போங்கள், கை எதை எடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்து மேலும் கீழும் இடம் கேட்கும். மலாய்க்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் அடங்காமல் வெட்டுப்படுவதைக் கடைசி நாளில் கண்டு தவித்தவர்கள் நிறையப் பேர்.

இப்போது உங்கள் அப்பா சொன்ன “நல்லா இருக்குப்பா”வுக்கு வருகிறேன். நம் ஊரில் தெரிந்த வீட்டுப் பிள்ளை எதையாவது செய்து கொண்டுவந்து காட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேத்தண்ணி கொடுத்து, முதுகில் தட்டி அனுப்புவார்கள். பாசத்தில் சொல்கிற வார்த்தை அது, அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன்.

ஒன்று, ஒரே வடிவத்தைக் கொண்டு போகாதீர்கள், இரண்டு மூன்று கொண்டு போங்கள். ஒன்றில் குலை எண்ணிக்கையைத் தட்டச்சு செய்ய வேண்டும், இன்னொன்றில் படம் எடுத்தால் போதும், மூன்றாவதில் ஒரே ஒரு பெரிய பொத்தானை அழுத்திப் பேச வேண்டும் என்று வையுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் அதைக் குறை சொல்வது உங்களைக் குறை சொல்வதுபோல ஆகிவிடுகிறது. மூன்று இருந்தால், “இது வேணாம், அது பரவாயில்ல” என்று சங்கடமில்லாமல் பேசுவார்கள். மரியம் தொஹிதி, பில் பக்ஸ்டன் முதலானோர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் இதையே கண்டார்கள்: ஒரே வடிவத்தைப் பார்த்தவர்கள் அதிக மதிப்பெண் போட்டார்கள், மூன்றையும் பார்த்தவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்து, குறைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். இது நம் ஊர்ச் சங்கடம் மட்டும் இல்லை என்று அதைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது, கருத்துக் கேட்காதீர்கள், வேலை கொடுங்கள். “இன்றைக்கு 60 குலை வெட்டிவிட்டீர்கள், நாளைக் காலையில் லோரி வர வேண்டும், என்ன செய்வீர்கள்?” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். அவர் விரல் தப்பான இடத்துக்குப் போகும்போது “அங்க இல்லப்பா, மேல” என்று வாய்வரை வரும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை அதோடு முடிந்தது. எண்ணி இருபது வரை பொறுங்கள். அவர் தயங்குகிற இடம், முணுமுணுக்கிற சொல், உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற நொடி, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும், “இதைப் பக்கத்து வீட்டு மாமாவுக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது எதைத் தாண்டிப் போகிறாரோ அது அவருக்குப் புரியாதது, எதைத் தன் சொல்லில் மாற்றிச் சொல்கிறாரோ அந்தச் சொல்லைத்தான் நீங்கள் பொத்தானில் எழுத வேண்டும்.

எத்தனை பேர் போதும்? பயன்பாட்டுச் சோதனைகளை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் வெளியிட்ட கணக்கை வைத்து நீல்சன் பின்னாளில் சொன்னது, ஐந்து பேரைப் பார்த்தாலே ஏறக்குறைய 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும் என்பது. இதைப் பலர் பாதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரியான வேலை செய்கிற ஐந்து பேர் என்பதைக் கவனியுங்கள். தோட்டக்காரர் வேறு, லோரிக்காரர் வேறு, தவுக்கே கடையில் கணக்கு எழுதுகிற கிராணி வேறு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நாலு பேராவது வேண்டும். அதோடு, 15 பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, வேறு ஐந்து பேரைப் பார்ப்பதுதான் நல்லது. முதல் ஐந்து பேரும் தடுக்கி விழுகிற கல்லை எடுத்துப் போட்டால்தானே அடுத்த கல் கண்ணுக்குத் தெரியும்?

மென்பொருளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபிக்மாவே போதும், உங்களுக்கு அது கை வந்திருக்கிறது. முக்கியமான ஒரு பாதையை மட்டும் எடுங்கள்: பழம் வெட்டியதைச் சொல்வதிலிருந்து எடைச் சீட்டு வருவதுவரை. ஏழெட்டுத் திரைதான் இருக்கும். நுழைவு, கடவுச்சொல், அமைப்புகள், உங்களைப் பற்றி, எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். தோட்டத்துக்குள் இணையம் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், முன்மாதிரி சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் திரைகளைப் படங்களாக எடுத்து, கைப்பேசியின் படத் தொகுப்பில் வரிசையாகப் போட்டு வைத்துவிடுங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டலாம். உங்கள் புதுக் கைப்பேசியில் காட்டாதீர்கள், அவருடைய கீறல் விழுந்த கைப்பேசியில் காட்டுங்கள். காலை பதினொரு மணி வெயிலில், குலை அடுக்கும் இடத்தில் நின்று காட்டுங்கள். நீங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த இளஞ்சாம்பல் எழுத்து அங்கே மறைந்து போகும்.

எண்ணைத் தட்டச்சு செய்வது, படம் எடுப்பது, இணையம் இல்லாதபோது சேமித்து வைப்பது, இவை மூன்றையும் படத்தில் சோதிக்க முடியாது. இவற்றில் சந்தேகம் இருந்தால் அதற்கு மட்டும் ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதுங்கள், அல்லது கூகுள் படிவமும் கூகுள் தாளும் வைத்துச் சமாளியுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் ஓடுகிற செயலி ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுகிறது. நானும் பயன்படுத்துகிறேன், அந்தச் சின்ன வலைப்பக்கத்துக்கு அது அருமை. முதல் வாரத்திலேயே அதனிடம் போகாதீர்கள் என்பேன். முடிந்து போன மாதிரி தோற்றம் இருந்தால், பார்ப்பவர் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார். உங்களுக்கும் அதைத் தூக்கிப்போட மனம் வராது. தூக்கிப்போட மனம் வராத நிலைக்குத்தான் 46 திரை உங்களை இப்போது கொண்டுவந்து விட்டிருக்கிறது.

எப்போது நிரல் எழுத உட்காரலாம் என்பதற்கு என் அளவுகோல் இது. ஒரு சுற்றில் பார்த்த ஐந்து பேரும் வழி தவறாமல் கடைசிவரை போய், அவர்கள் சொல்கிற குறை எல்லாம் சொல்லிலும் எழுத்தின் அளவிலும் மட்டும் இருந்தால் உட்காரலாம். யாராவது ஒருவர் பாதி வழியில் நின்று, “இதுக்கு நான் போனே அடிச்சுடுவேனே” என்றால் இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. அப்புறம் அந்த வாட்ஸ்அப் எண்ணை நிறுத்திப் பாருங்கள். சோதனை முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும், அடுத்த வெட்டுக்கு யாராவது அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினால், மறுநாளே நிரல் எழுதத் தொடங்கிவிடுங்கள். முதல் பயனாளி அவர்தான், அவருக்கு லோரி ஏற்பாடு செய்துவிட்டு உட்காருங்கள்.